கொரியப் பத்திரிகை எந்தப் பக்கம் சாய்கிறது? புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கொரியாவுக்கு வந்த இரண்டாவது வருடம், மாலை நேர மொழி வகுப்பில் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். அப்போது நான் மூன்று மாதமாக ஒரே பத்திரிகையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அதில் இருந்த சொற்களை அப்படியே எடுத்துப் போட்டு எழுதி, வகுப்பில் சத்தமாக வாசிக்கவும் செய்தேன். விசா முடிந்தும் தங்கியிருப்பவர்களை 'புல்பொப் சேர்யூஜா' என்று ஐந்தாறு இடத்தில் எழுதியிருந்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், அன்சானில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். இடைவேளையில் மெதுவாகச் சொன்னார்: "அண்ணா, அந்தச் சொல்லை இனி எழுதாதேங்கோ. என்னோட அறையில இருக்கிற பெடியனுக்கு விசா முடிஞ்சு போச்சு. முதலாளி நேரத்துக்குப் பேப்பர் குடுக்கேல்லை. நீங்கள் அவனைக் களவெடுத்தவன் மாதிரி எழுதியிருக்கிறியள்."

'சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர்' என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். அதே ஆளை இன்னொரு பத்திரிகை 'மிதுங்நோக் இஜு நோதொங்ஜா', அதாவது பதிவில்லாத புலம்பெயர் தொழிலாளி, என்று எழுதும். இந்த வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அரசியல் செய்தியில் மட்டும் சாய்வு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அது நம்மைக் குறிக்கும் சொல்லிலேயே இருந்தது. அதற்கப்புறம் ஒரு வருடம் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாகத் தருகிறேன். உங்களுக்கு இது ஒரு மாதத்தில் முடியும்.

1. எது யாருடையது என்று முதலில் எழுதி வையுங்கள்

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். வலதுசாரிகளை இங்கே 'போசு' என்பார்கள், இடதுசாரிகளை 'ஜின்போ' என்பார்கள்.

போசு பத்தியில் ஜோசொன் இல்போ, ஜுங்-ஆங் இல்போ, தொங்-ஆ இல்போ. மூன்றின் முதலெழுத்தையும் சேர்த்து 'ஜோஜுங்தொங்' என்று பேச்சில் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் இந்தப் பத்திரிகைகளைப் பிடிக்காதவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் குடும்பங்களின் கையில் இருக்கின்றன: ஜோசொன் பாங் குடும்பம், தொங்-ஆ கிம் குடும்பம், ஜுங்-ஆங் ஹொங் குடும்பம். ஜுங்-ஆங் இல்போவை 1965இல் தொடங்கியவர் சாம்சங் நிறுவனர் லீ ப்யொங்-சொல். 1999இல் அது சாம்சங்கிலிருந்து பிரிந்தது.

ஜின்போ பத்தியில் ஹன்க்யொரே, க்யொங்-ஹ்யாங் ஷின்முன், இணையத்தில் மட்டும் வரும் ஓமைநியூஸ். இவற்றுக்கு 'ஹன்க்யொங்ஓ' என்று பெயர். ஹன்க்யொரே 1988இல் பொதுமக்கள் போட்ட பங்குப் பணத்தில் வந்தது. க்யொங்-ஹ்யாங்கில் ஊழியர்களே பெரும் பங்குதாரர்கள். ஹன்குக் இல்போவை நடுவில் எழுதுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நான் நன்றாக மாட்டினேன். 'ஹன்க்யொங்' என்று தனியாகச் சொன்னால் அது ஹன்குக் க்யொங்ஜே என்ற வணிக நாளிதழ். ஹூண்டாய் மோட்டார் அதில் பெரிய பங்குதாரர். தொழிற்சங்கச் செய்தியில் அது போசு பக்கமே நிற்கும். 'ஹன்க்யொங்ஓ' என்பதில் உள்ள ஹன்க்யொங் வேறு, அது ஹன்க்யொரே, க்யொங்-ஹ்யாங் இரண்டின் முதலெழுத்தும் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றென்று நினைத்து, "ஜின்போ பத்திரிகையே வேலைநிறுத்தத்தைத் திட்டுகிறதே" என்று இரண்டு வாரம் குழம்பிப் போயிருந்தேன்.

தொலைக்காட்சியும் இந்தத் தாளில் வரும். 2011 டிசம்பர் 1இல் நான்கு அலைவரிசைகள் செய்தியும் மற்ற நிகழ்ச்சிகளும் சேர்த்துப் போடத் தொடங்கின: டிவி ஜோசொன், சேனல் ஏ, ஜேடிபிசி, எம்பிஎன். முதல் மூன்றும் முறையே ஜோசொன், தொங்-ஆ, ஜுங்-ஆங் வீட்டுப் பிள்ளைகள். எம்பிஎன் மேயில் க்யொங்ஜே வணிக நாளிதழைச் சேர்ந்தது. ஆனால் உரிமையாளரை வைத்து மட்டும் முடிவு கட்டிவிடாதீர்கள். 2016 அக்டோபரில் ஜனாதிபதி பார்க் குன்-ஹேவின் நெருங்கிய தோழியுடையது என்று சொன்ன டேப்லெட் கணினிச் செய்தியை வெளியிட்டது, ஜுங்-ஆங் குடும்பத்தின் ஜேடிபிசி. அதிலிருந்து கிளம்பிய அலையில்தான் ஒரு போசு ஜனாதிபதியின் பதவி போனது.

2. ஆவணமும் செலவும்: நூலகத்தில் தொடங்குங்கள்

காசு கொடுத்துச் சந்தா கட்ட அவசரப்படாதீர்கள். எந்தப் பேட்டைப் பொது நூலகத்திலும் பருவ இதழ்களுக்கென்று ஓர் அறை இருக்கும். காலையில் பத்திரிகைகளை நீளக் கோலில் மாட்டி வைத்திருப்பார்கள். உட்கார்ந்து படிக்க அட்டையும் வேண்டாம், காசும் வேண்டாம். பெரும்பாலான நூலகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, போகும் முன் வாசல் பலகையைப் பார்த்துவிடுங்கள்.

புத்தகம் எடுத்துப்போகவும், மின்வடிவச் சேவைகளைப் பயன்படுத்தவும் உறுப்பினர் அட்டை வேண்டும். அதற்கு வெளிநாட்டவர் பதிவு அட்டை கேட்பார்கள். 90 நாளுக்கு மேல் தங்க வந்தவர்கள் இந்த அட்டைக்கு வந்த 90 நாளுக்குள் பதிவு செய்தாக வேண்டும், எனவே இது எப்படியும் உங்கள் வேலைப் பட்டியலில் இருக்கும். உங்கள் பெயரில் கைபேசி எண்ணும் இருந்தால் வேலை சுலபம். நண்பர் பெயரில் சிம் வாங்கியிருந்தால் அடையாளச் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

சரி, சந்தாவே வேண்டும் என்றால்: அச்சுப் பிரதிக்கு மாதம் 20,000 வொன், அல்லது அதற்கு மேல். ஞாயிற்றுக்கிழமை பேப்பர் வராது. இதில் கவனமாக இருக்க வேண்டிய இடம் தெருவில் நிற்கும் முகவர்தான். சந்தை வாசலில் ஒருவர் என்னை நிறுத்தி 50,000 வொன் பரிசுச் சீட்டும் ஆறு மாத இலவசப் பிரதியும் தருவதாகச் சொன்னார். கையெழுத்துப் போட்டேன். ஆறு மாதம் இலவசம், பிறகு ஒரு வருடக் கட்டாயம் என்பது சின்ன எழுத்தில் இருந்தது. நடுவில் நிறுத்தப் போனபோது சீட்டுப் பணத்தோடு இலவசமாக வந்த ஆறு மாதத்துக்கும் காசு கேட்டார்கள். எது எந்தப் பத்திரிகை என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. அந்த ஒரு பத்திரிகையைத்தான் மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

விதி இப்படி: பரிசும் இலவசப் பிரதியும் சேர்த்து, ஒரு வருடச் சந்தாத் தொகையில் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மாதம் 20,000 என்று வைத்தால் வருடத்துக்கு 2,40,000 வொன், அதில் 48,000தான் எல்லை. தெருவிலோ வீட்டு வாசலிலோ எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை 14 நாளுக்குள் திரும்பப் பெறவும் உரிமை இருக்கிறது. ஒப்பந்தத் தாளைப் படம் எடுத்து வையுங்கள். தகராறு என்றால் நுகர்வோர் ஆலோசனை எண் 1372.

இன்னொரு சிறு செலவு. மாதா மாதம் 2,500 வொன் ஒளிபரப்புக் கட்டணம் உங்கள் கணக்கில் ஏறியிருந்தால், அது பொது ஒலிபரப்பான கேபிஎஸ்ஸுக்குப் போகும் பணம். வீட்டில் டிவியே இல்லாவிட்டால் சொல்லி நீக்கிக்கொள்ளலாம்.

3. தினமும் நாற்பது நிமிடம், இந்த வரிசையில்

முதல் பத்து நிமிடம் யொன்ஹாப் செய்தி முகமை. என்ன நடந்தது, எத்தனை பேர், எப்போது என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அரசுப் பணம் வருகிறது, எனவே அரசைப் பற்றிய செய்தியில் அதையும் முழுக்க நம்ப வேண்டாம். ஆனால் நாள், இடம், எண்ணிக்கை மூன்றுக்கும் அதுதான் வசதி.

அடுத்த இருபது நிமிடம் ஜோசொனும் ஹன்க்யொரேயும். எல்லாச் செய்தியையும் படிக்க வேண்டாம். ஒரே ஒரு செய்தி, இரண்டிலும். எந்தப் பக்கத்தில் வந்திருக்கிறது, எவ்வளவு பெரிய படம், யாரிடம் கருத்துக் கேட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஒரு வேலைநிறுத்தச் செய்தியை இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் பேருந்து வராமல் நிற்கும் பயணிகள் படம், கருத்துச் சொன்னவர் முதலாளிகள் கூட்டமைப்பு ஆள். இன்னொன்றில் தலையில் சிவப்புப் பட்டை கட்டிய ஓட்டுநர் படம், கருத்துச் சொன்னவர் தொழிலாளர் நலப் பேராசிரியர். இரண்டிலும் ஒரு பொய்கூட இல்லை.

கடைசிப் பத்து நிமிடம் 'சாசொல்', அதாவது தலையங்கம். கடைசிப் பக்கங்களுக்குப் போனால் கிடைக்கும். பத்திரிகையின் மனசு அங்கேதான் திறந்திருக்கும். கொரிய மொழி கஷ்டமாக இருந்தால் தலையங்கத்தின் கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள். யார் என்ன செய்ய வேண்டும் என்று அங்கேதான் நேரடியாகச் சொல்வார்கள்.

முந்தின நாள் இரவே மறுநாள் கட்டுரைகள் இணையத்தில் ஏறத் தொடங்கிவிடும். இரவு ஷிஃப்ட் வேலை செய்கிறவர்களுக்கு அது வசதி.

4. சொல் பட்டியல் போடுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு நோட்டு எடுத்து, ஒரே பொருளுக்கு இரண்டு பக்கமும் என்ன சொல் போடுகிறார்கள் என்று எழுதிவாருங்கள். என் நோட்டின் முதல் பக்கத்தில் இருப்பவை:

தொழிலாளிக்கு 'குல்லோஜா', 'நோதொங்ஜா' என்று இரண்டு சொல். முன்னதில் 'ஊக்கமாக உழைப்பவர்' என்ற தொனி இருக்கிறது, சட்டப் புத்தகத்திலும் அரசுத் தாளிலும் அதுதான். பின்னது தொழிற்சங்கச் சொல், ஜின்போ பத்திரிகைகளின் சொல். மே தினத்துக்கே நெடுங்காலம் 'குல்லோஜாவின் நாள்' என்றுதான் சட்டத்தில் பெயர். 2025இல் சட்டத்தைத் திருத்தி 'நோதொங்ஜொல்' ஆக்கினார்கள். இவ்வளவு சண்டை ஒரு சொல்லுக்கா என்று கேட்காதீர்கள். நம்மூரில் 'ஊழியர்' என்பதற்கும் 'தொழிலாளி' என்பதற்கும் இடையில் இருக்கிற தூரத்தை நினைத்துப் பாருங்கள். நம் ஆட்களையும் இதே கணக்கில்தான் அரசு 'வேகுகின் குல்லோஜா', வெளிநாட்டு ஊழியர், என்கிறது. மற்றவர்கள் 'இஜு நோதொங்ஜா' என்கிறார்கள்.

பெரிய ஆலைகளின் சங்கத்தைப் போசு பத்திரிகைகள் 'க்விஜோக் நோஜோ' என்று எழுதும். பிரபுக்கள் சங்கம் என்று பொருள். தலைப்பில் இது வந்துவிட்டால் கட்டுரை எந்தப் பக்கம் போகும் என்று தெரிந்துவிடும்.

2025இல் நிறைவேறிய 'மஞ்சள் உறைச் சட்டம்' வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீது நிறுவனங்கள் போடும் இழப்பீட்டு வழக்குகளுக்கு வரம்பு கட்டுகிறது. இந்தப் பெயரே ஆதரவாளர்களிடமிருந்து வந்தது, அப்படிப்பட்ட வழக்கில் சிக்கியவர்களுக்கு மக்கள் மஞ்சள் உறையில் பணம் அனுப்பியதன் நினைவாக. எதிர்த்தவர்கள் அதைச் 'சட்டவிரோத வேலைநிறுத்தத்தைத் தூண்டும் சட்டம்' என்றார்கள்.

2022இல் அரசு வழக்கறிஞர்களின் புலனாய்வு அதிகாரத்தைக் குறைத்த சட்டத்துக்கு ஒரு பக்கத்தில் 'வழக்கறிஞர் துறைச் சீர்திருத்தம்' என்று பெயர், மறுபக்கத்தில் 'கொம்சு-வான்பாக்'. கடைசி எழுத்து 'பாக்', பிடுங்குதல் என்பதன் சுருக்கம். 2023 ஆகஸ்ட் 24இல் ஜப்பான் ஃபுகுஷிமா நீரைக் கடலில் விடத் தொடங்கியபோது, அதை 'ஓயொம்சு', மாசடைந்த நீர், என்று எழுதுவதா, 'சோரிசு', சுத்திகரித்த நீர், என்று எழுதுவதா என்பதே தனி விவாதமாக ஓடியது.

ஒரு மாதத்தில் நாற்பது ஜோடி சேர்ந்துவிடும். அப்புறம் தலைப்பைப் பார்த்தாலே பத்திரிகையின் பெயரைச் சொல்லிவிடுவீர்கள். தேர்வுக்கோ நேர்காணலுக்கோ எழுதும்போது எந்தச் சொல்லைப் போடுவது என்பதையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

5. வாக்கியத்தின் வாலைப் பாருங்கள்

தமிழ்க்காரர்களுக்கு இதில் ஒரு நன்மை இருக்கிறது. கொரிய வாக்கியமும் நம் வாக்கியம் போல வினையில்தான் முடியும். சொன்னவர் யார் என்பதை மறைப்பதும் அந்த வாலில்தான் நடக்கும்.

'ஜிஜொகி நாஒன்தா' என்று முடிந்தால், 'என்ற விமர்சனம் எழுந்துள்ளது' என்று பொருள். நம் பத்திரிகைகளிலும் பார்த்திருப்பீர்கள். யார் விமர்சித்தார்? பெரும்பாலும் பெயர் இருக்காது. 'அல்லியொஜொத்தா' என்றால் 'என்று தெரியவந்துள்ளது'. 'நொல்லான்' என்றால் சர்ச்சை, அதைப் பல நேரம் கட்டுரையேதான் தொடங்கி வைக்கும். 'க்வான்க்யெஜா' என்றால் சம்பந்தப்பட்ட ஒருவர், பெயர் சொல்லாதவர். இந்த நான்கையும் பென்சிலால் வட்டம் போடுங்கள். வட்டம் அதிகமாக இருக்கிற கட்டுரையிலிருந்து பெயரோடு சொல்லப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள்.

தலைப்பில் வரும் மேற்கோள் குறியும் அப்படித்தான். அரசியல்வாதி ஒருவர் இன்னொருவரைத் திட்டியதை அப்படியே மேற்கோளாக்கித் தலைப்பில் வைத்துவிடுவார்கள். திட்டியது உண்மையா என்று உள்ளே சரிபார்த்திருக்க மாட்டார்கள். கொரியர்களே இதை 'மேற்கோள் குறி இதழியல்' என்று குறை சொல்கிறார்கள்.

இன்னும் ஒன்று. 2014 ஏப்ரல் 16இல் செவோல் கப்பல் கவிழ்ந்த அன்று, மாணவர்கள் எல்லோரும் மீட்கப்பட்டுவிட்டதாகப் பல ஊடகங்கள் செய்தி சொன்னன. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 304 பேர். அதில் இடது வலது இல்லை, ஒருவர் சொன்னதை மற்றவர் சரிபார்க்காமல் எடுத்துப் போட்டார்கள். இரண்டு பக்கமும் ஒன்றையே சொல்கிறது என்பதால் மட்டும் அது உறுதியாகிவிடாது. பெரிய விபத்து நடந்த முதல் ஒரு மணி நேரத்துச் செய்தியை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

6. மொழிபெயர்ப்புப் பதிப்பை மட்டும் நம்பாதீர்கள்

பெரிய பத்திரிகைகளுக்கு ஆங்கிலப் பதிப்பு இருக்கிறது, தொடக்கத்தில் உதவும். ஆனால் அதில் வருவது தேர்ந்தெடுத்த சில கட்டுரைகள்தான், தலைப்பும் மாறியிருக்கும். 2019 ஜூலையில், ஜப்பானுடன் வணிகத் தகராறு நடந்துகொண்டிருந்த நேரத்தில், ஜோசொன், ஜுங்-ஆங் இரண்டின் ஜப்பானியப் பதிப்புத் தலைப்புகளை ஜனாதிபதி மாளிகையே பெயர் சொல்லிக் கண்டித்தது. ஜப்பானிய முதலீடு ஒரு வருடத்தில் 40 சதவீதம் குறைந்தது என்ற கொரியத் தலைப்பு, ஜப்பானியப் பதிப்பில் 'எந்த முகத்தோடு கொரியா ஜப்பானின் முதலீட்டை எதிர்பார்க்கிறது' என்ற பொருளில் வந்திருந்தது. கைபேசி மொழிபெயர்ப்பாக இருந்தாலும் சரி, கொரிய மூலத் தலைப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

7. பழைய செய்தியைத் தேட

'பிக் கைண்ட்ஸ்' என்ற தளத்தைக் கொரியப் பத்திரிகை அறக்கட்டளை நடத்துகிறது. 1990 முதல் வந்த செய்திகளை இலவசமாகத் தேடலாம். சொல் பட்டியலில் சந்தேகம் வந்தால் இரண்டு சொல்லையும் இங்கே போட்டு, எந்தப் பத்திரிகை எதை எத்தனை முறை எழுதியது என்று பாருங்கள். இன்னும் பழையது வேண்டுமென்றால் நேவரின் பழம்பத்திரிகை நூலகத்தில் அச்சுப் பக்கத்தையே படமாகப் பார்க்கலாம், அதுவும் இலவசம்.

8. தேர்தல் நேரத்தில்

கொரியப் பத்திரிகைகள் 'இந்த வேட்பாளருக்கு எங்கள் ஆதரவு' என்று அறிவிக்கும் வழக்கம் கிடையாது. சாய்வு கருத்துக்கணிப்புத் தலைப்பில்தான் அதிகம் தெரியும். கேலப் கொரியா வெள்ளிக்கிழமை தோறும் எண்களை வெளியிடும். அதே எண்ணை ஒருவர் 'சரிவு' என்பார், இன்னொருவர் 'தாக்குப்பிடித்தது' என்பார். பிழை எல்லைக்குள் இருக்கும் வித்தியாசத்தை முன்னிலை என்று போட்டால் கவனியுங்கள். தேர்தலுக்கு ஆறு நாள் முன்பிலிருந்து வாக்குப்பதிவு முடியும்வரை புதிய கணிப்பை வெளியிடச் சட்டத்தில் தடை இருக்கிறது. அந்த நாட்களில் கைபேசிக்கு வரும் 'ரகசியக் கணிப்பு' எதையும் நம்பாதீர்கள், அனுப்பாதீர்கள்.

இதைக் கட்டாயம் படியுங்கள்: கொரியாவில் தங்கியிருக்கும் வெளிநாட்டவர் அரசியல் நடவடிக்கையில் ஈடுபடக் கூடாது என்று குடிவரவுச் சட்டம் சொல்கிறது. நிரந்தரமாகத் தங்கும் விசா பெற்று மூன்று வருடம் ஆனவர்கள் உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம், அவர்கள் கணக்கு வேறு. நாம் படிக்கலாம், நண்பர்களோடு பேசலாம். வேட்பாளரின் பிரசாரத்தைப் பரப்பவோ ஊர்வலத்தில் கொடி பிடிக்கவோ போகாதீர்கள். இன்னொன்று, இங்கே உண்மையைச் சொன்னால்கூட அவதூறு வழக்கு வரலாம். பொது நலனுக்காகச் சொன்னது என்று காட்ட முடியாவிட்டால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 50 லட்சம் வொன் வரை அபராதம். தனி ஆள் ஒருவரைப் பற்றிய செய்தியைத் திட்டோடு பகிரும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. முத்திரை குத்தி முடித்துவிடாதீர்கள்

பட்டியல் கையில் வந்ததும் ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும்: 'அது ஜோஜுங்தொங், பொய்தான்', 'அது ஹன்க்யொரே, அப்படித்தான் எழுதும்'. எனக்கும் ஒட்டியது. 2024 டிசம்பர் 3 இரவு ஜனாதிபதி யுன் சொக்-யோல் இராணுவச் சட்டத்தை அறிவித்தார், எல்லா ஊடகமும் இராணுவக் கட்டுப்பாட்டில் வரும் என்றது ஆணை. மறுநாள் போசு பத்திரிகைகள் என்ன எழுதும் என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். அவையும் தலையங்கத்தில் கண்டித்திருந்தன. மறுபக்கத்தில், 2019 செப்டம்பரில் ஹன்க்யொரேயின் இளம் நிருபர்களே, நீதி அமைச்சர் பதவிக்கு முன்மொழியப்பட்ட சோ குக் விஷயத்தில் நம் பத்திரிகை அரசை விமர்சிக்கத் தயங்குகிறது என்று சொந்த ஆசிரியர் குழுவை எதிர்த்து அறிக்கை விட்டார்கள். உள்ளே இருப்பவர்களே ஒப்புக்கொள்ளும் சாய்வு அது.

10. உங்களைப் பற்றியே தவறாக எழுதிவிட்டால்

தொழிற்சாலை விபத்து, சண்டை, கைது என்று நம் ஆட்களின் பெயர் பத்திரிகையில் வருவதுண்டு. தவறாக வந்தால் பத்திரிகை நடுவர் ஆணையத்துக்குப் போகலாம். சியோல் நகர மண்டபத்துக்கு அருகே பிரஸ் சென்டரில் தலைமை அலுவலகம். கட்டணம் கிடையாது.

நேரம்தான் முக்கியம். செய்தியைப் பற்றித் தெரிந்த நாளிலிருந்து 3 மாதம், வெளிவந்த நாளிலிருந்து 6 மாதம், இரண்டில் எது முதலில் முடிகிறதோ அதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். சமரசப் பேச்சை 14 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பத்திரிகையில் மூன்று வகைச் செய்தி போடச் சொல்லிக் கேட்கலாம்: தவறு என்றால் திருத்தச் செய்தி, ஒரு பக்கம் மட்டும் எழுதியிருந்தால் உங்கள் மறுப்பு, கைது என்று எழுதியவர் பிறகு குற்றமற்றவர் என்று ஆனால் தொடர்ச்சிச் செய்தி.

எடுத்துப்போக வேண்டியவை: அடையாள அட்டையின் நகல், அச்சுப் பக்கத்தின் நகல் அல்லது தேதி தெரியும்படி எடுத்த ஸ்க்ரீன்ஷாட், தவறென்று காட்டும் தாள் (சம்பளச் சீட்டு, மருத்துவமனைச் சான்று, காவல் நிலையக் கடிதம் என எதுவானாலும்), அப்புறம் பத்திரிகையில் என்ன வாசகம் வர வேண்டும் என்று நீங்களே எழுதிய நாலு வரி. பலர் இந்த நாலு வரியை எழுதாமல் போய் ஒரு வாரத்தை வீணாக்குகிறார்கள். கொரிய மொழியில் எழுத வராவிட்டால் உங்கள் ஊர் வெளிநாட்டுத் தொழிலாளர் ஆதரவு மையத்தில் கேளுங்கள், அல்லது வெளிநாட்டவருக்கான உதவி எண் 1345க்கு அழைத்து எங்கே போக வேண்டும் என்று விசாரியுங்கள். இணையச் செய்தி எப்போது வேண்டுமானாலும் மாற்றப்படலாம், எனவே பார்த்த உடனே முதல் வேலையாகத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.